நான்காம் வால்வு

புதுச்சத்திரத்துக்கு மேற்கே, அங்கமுத்துவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மும்முனை மின்சாரம் வந்ததும், அவருக்குத் தாகமாக இருக்கிறது என்று அவர் மனைவி அத்தாயியின் செல்போனுக்குச் செய்தி வந்தது. செய்தியில் அவர் பெயர் இல்லை. 'நான்காம் வால்வு: ஈரம் பூஜ்யம். தண்ணீர் தேவை' என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வால்வின் சென்சார் எங்கே கிடக்கிறது என்று அத்தாயிக்குத் தெரியும். மஞ்சள் காட்டின் தென்மேற்கு மூலையில் குழி வெட்டியவர்கள், அங்கே மண்ணில் செருகியிருந்ததை எடுத்துப் போட மறந்து, அங்கமுத்துவின் தலைமாட்டிலேயே விட்டு மூடிவிட்டார்கள். சாவு வீட்டில் யாருக்குச் சென்சார் ஞாபகம் இருக்கும்?

அந்த ஏற்பாடு முழுக்க அங்கமுத்து செய்ததுதான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரம் இரண்டு முறை நாமக்கல்லுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டி வந்தபோது, மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கட்ட அவருக்குத் தெம்பில்லை. ராசிபுரத்துக் கோகுல்ராஜை வரவழைத்து, ஒன்றரை ஏக்கர் மஞ்சளுக்கும் சொட்டுநீர்க் குழாய், நான்கு வால்வு, நான்கு சென்சார், செல்போனுக்குக் கட்டுப்படும் மோட்டார் எல்லாம் போட்டார். எந்தப் பக்கம் மண் அதிகம் காய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு முதல் தண்ணீர். அது நனைந்த பிறகுதான் மற்றவற்றுக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவர் மஞ்சளுக்குத் தண்ணீர் விட்டார். கிணற்றில் பாதித் தண்ணீர் மிச்சமானது. அவருக்கும் அளவு உண்டு: நாளைக்கு எண்ணூறு மில்லி, மேலே போனால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்றிருந்தார் டாக்டர். பால் ஊற்றும் இருநூறு மில்லிக் குவளையால் அத்தாயி நாலு தடவை அளந்து கொடுத்துவிட்டு, குவளையை எட்டாத ஆணியில் மாட்டிவிடுவாள். "மஞ்சளுக்கும் எனக்கும் ஒரே டாக்டரு போல," என்று அங்கமுத்து சிரிப்பார்.

இப்போது மோட்டார் ஒன்பது மணிக்குப் போட்டால் மூன்று மணி வரை நான்காம் வால்வுக்கு மட்டுமே ஓடியது. ஆறு மணி நேரத் தண்ணீரும் அவரைப் புதைத்த மேட்டில் இறங்கியது. மேல்மண் கொஞ்சமும் நனையவில்லை. மற்ற மூன்று வால்வும் திறக்கவில்லை. ஒரே வாரத்தில் மஞ்சள் இலைகள் ஓரம் கருகின. அறுவடைக்கு இரண்டு மாதம் இருந்தது, வீட்டில் அதைத் தவிர வேறு வெள்ளாமை இல்லை. கிணற்றில் கடைசிப் படியும் வெளியே தெரிந்தது. கோகுல்ராஜ் வந்து, மேட்டோரம் வெளியே தெரிந்த ஒயரை வெட்டினான்.

"நாலாம் நம்பர அத்துட்டனுங்க அக்கா. இனி வராதுங்க."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் கையில் செல் அதிர்ந்தது. நான்காம் வால்வு, ஈரம் பூஜ்யம், தண்ணீர் தேவை. கோகுல்ராஜ் தன் கையில் இருந்த ஒயர் முனையைப் பார்த்தான்.

"வேணும்னா தோண்டி எடுத்தறலாமுங்க."

"அவரையத் தோண்டறதா? வாய்க்கு வந்ததப் பேசாத, சாமி."

அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. கடைசி நாள் நடந்ததைப் பெற்ற மகளிடம்கூட அவள் சொல்லவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலு குவளையும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது. மூன்று மணிக்கு அங்கமுத்து, "ஒரே ஒரு வாய் தண்ணி குடு, அத்தாயி," என்றார். "நாளைக்கு டயாலிசிஸ் முடிச்சு வந்து குடிச்சுக்கலாமுங்க மாமா," என்று அவள் குவளையை ஆணியில் மாட்டினாள். நாலு மணிக்கு அவர் இல்லை. டாக்டர் சொன்னபடிதான் செய்தாள், ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளைத் தின்றது.

பதினோராம் நாள் செய்தி வந்தபோது அவள் மோட்டாரை நிறுத்தினாள். கிணற்றில் இறங்கி ஒரு குடம் மொண்டு, இடுப்பில் சுமந்து மேட்டுக்குப் போய், தலைமாட்டில் மண்டியிட்டு ஊற்றினாள். "குடிங்க மாமா. நானு அளக்கலீங்க," என்று வாய்விட்டு அழுதாள். மண் கறுத்தது. உள்ளே யாரோ மடக்மடக்கென்று குடிக்கும் சத்தம், அன்றும் வந்து வரப்பில் நின்ற கோகுல்ராஜுக்கும் கேட்டது. குடம் காலியானதும் செல் அதிர்ந்தது. நான்காம் வால்வு, ஈரம் முப்பத்தெட்டு. கீழே, 'போதும், அத்தாயி.' அப்படி ஒரு செய்தியே அந்தக் கருவியில் கிடையாது என்று கோகுல்ராஜ் சொன்னான். அதற்குள் மற்ற வால்வுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

அந்த மஞ்சள் பிழைத்தது. அதற்குப் பிறகு மூன்று அறுவடை ஆகிவிட்டது. தினமும் ஒன்பது மணிக்கு முன் அத்தாயி ஒரு குடம் ஊற்றுகிறாள். பிறகு மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது. ஒரு முறை அயோத்தியாப்பட்டணத்தில் கல்யாணத்துக்குப் போனபோது, ஊற்றச் சொல்லி ஆளை வைத்துவிட்டுப் போனாள். அவன் மூன்று குடம் ஊற்றியும் ஈரம் பூஜ்யத்திலேயே நின்றது. சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள்.

கோகுல்ராஜ் இப்போதும் அந்தப் பக்கம் சொட்டுநீர் போடுகிறான். குழாய் அளப்பதற்கு முன் காட்டுக்காரர்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறான். முதலாவது, "காட்டுக்குள்ள யாரையாச்சும் அடக்கம் பண்ணியிருக்கீங்களாங்க?" இரண்டாவது, "கடைசியா தண்ணி கேட்டப்ப குடுத்தீங்களாங்க?" இதுவரை ஒருவரும் அவனிடம் கோபித்துக்கொண்டதில்லை. பெரும்பாலானவர்கள், குடம் வைக்க எந்த இடம் தோது என்று கேட்கிறார்கள்.