ஏழாம் கேள்வி, பத்து மதிப்பெண்

பதினொன்றாம் வகுப்புக்கு ஆசிய வரலாற்றுப் பாடம் எடுக்கும் ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் மான்சூன் மிஸ். சீனத்துப் பட்டில் ஆரம்பித்தாலும் சரி, சமர்கண்டின் சந்தையில் ஆரம்பித்தாலும் சரி, பத்தாவது நிமிடம் பருவக்காற்றில் வந்து நிற்பார். காற்று இல்லாவிட்டால் கப்பல் இல்லை, கப்பல் இல்லாவிட்டால் மிளகு இல்லை, மிளகு இல்லாவிட்டால் பாதி ஆசிய வரலாறே இல்லை என்று கையை வீசிச் சொல்வார். வீசுகிற கை பட்டு உலக உருண்டை இரண்டு முறை மேசையிலிருந்து விழுந்திருக்கிறது. இப்போது அது வட துருவத்தின் பக்கம் கொஞ்சம் நசுங்கித்தான் சுற்றுகிறது. பட்டப்பெயர் அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வதில் அவருக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அந்த வகுப்பில், ஜன்னலோரம் நான்காவது வரிசையில், அவருடைய மகளும் இருந்தாள். பள்ளி வாசலுக்குள் வந்துவிட்டால் "மிஸ்", வாசலைத் தாண்டினால் "அம்மா". இந்த ஏற்பாட்டை இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. தானாக அமைந்துவிட்டது.

ஆறு வருடங்களாக வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கணவர் பிரிந்துபோய், இரண்டு கடல் தாண்டி ஒரு துறைமுக நகரத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டு, நான்கு வயதில் ஒரு பையனோடு இருக்கிறார். மனிதர் நல்லவர்தான். அதுதான் மிஸ்ஸுக்குப் பொறுக்காது. கெட்டவனாக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்து எப்போதோ ஆறியிருப்பார்.

அந்த நல்ல மனிதர் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அங்கே கடல் அறிவியலைப் பாடமாகச் சொல்லித்தரும் ஒரு பள்ளியில் மகளுக்கு இடம் கிடைக்கும். பள்ளியின் கடைசி வருடத்தையும் அதன் பிறகு கல்லூரியையும் அவள் தன்னோடு இருந்து படிக்கட்டுமே. வெள்ளிக்கிழமைக்குள் பதில் தெரிந்தால் போதும். மகளுக்கு எது விருப்பமோ அதுவே தன் விருப்பமும்.

மகளின் விருப்பத்தை மிஸ் கேட்காமல் இல்லை. மூச்சுக்கு முந்நூறு தடவை கேட்டார். பாத்திரம் துலக்கும்போது கேட்டார், துணி மடிக்கும்போது கேட்டார், அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது குளியலறைக் கதவருகே நின்றும் கேட்டார்.

"போறியா? போகணும்னு இருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூக்கு சிவந்துவிடும்.

"இல்லம்மா. இங்கயே இருக்கேன்" என்பாள் மகள்.

பிறகென்ன? மறுநாள் ஆசிரியர்கள் அறையில் மிஸ்ஸுக்கு வாயெல்லாம் பல். "என் பொண்ணு என்னை விட்டுட்டு எங்க போவா?" என்று, யாரும் கேட்காமலேயே, இரண்டு மேசைக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். பதில் மின்னஞ்சலை மட்டும் இன்னும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவகாசம் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டார்.

இதற்கு நடுவில் இடைப்பருவத் தேர்வு வந்தது. ஏழாவது கேள்வி எப்போதும் மிஸ்ஸின் செல்லக் கேள்வி. பத்து மதிப்பெண். இந்த முறை அது இடப்பெயர்வு பற்றியது. மனிதர்கள் ஓர் இடத்தைவிட்டு இன்னோர் இடத்துக்குப் போவதற்குப் பாடப்புத்தகம் இரண்டு வகைக் காரணங்கள் சொல்கிறது. இருக்கும் இடத்திலிருந்து விரட்டுகிற பஞ்சம், போர், வேலையின்மை எல்லாம் தள்ளும் காரணிகள். போகும் இடத்திலிருந்து கூப்பிடுகிற கூலி, படிப்பு, பாதுகாப்பு எல்லாம் இழுக்கும் காரணிகள். இரண்டையும் எடுத்துக்காட்டுடன் விளக்குக.

"புத்தகத்துல இருக்கறதை அப்படியே எனக்குத் திருப்பிக் கொடுக்காதீங்க" என்று தேர்வுக்கு முன்பே சொல்லியிருந்தார். "அது எனக்கு மனப்பாடம். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளை எழுதுங்க. சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர், யாரா இருந்தாலும் சரி. உயிருள்ள ஒரு ஆள் வேணும்."

ஆசிரியரின் பிள்ளை படிக்கும் வகுப்பென்றால் அந்த வகுப்பின் தாள்களை வேறொருவர்தான் திருத்த வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. அதனால் முப்பத்தாறு தாள்களும் குடிமையியல் சாரிடம் போயின. மாணவர்கள் கணினி அறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற தேர்வு அது. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டுந்தான். கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற வேலையும் இல்லை.

ஏழாம் கேள்விக்கு வந்த விடைகளில் சிறந்ததை வகுப்பில் உரக்கப் படித்து, அதை வைத்து விவாதம் நடத்துவது மிஸ்ஸின் வழக்கம். எழுதியவர் யார் என்று சொல்ல மாட்டார். புதன்கிழமை மூன்றாவது பாடவேளைக்கு மணி அடித்தபோது குடிமையியல் சார் தாழ்வாரத்தில் ஓட்டமும் நடையுமாக வந்து ஒரு தாளை நீட்டினார்.

"இதான் மிஸ் இந்தத் தடவை. மேல இருந்த எண்ணைக் கிழிச்சுட்டேன். நானே ரெண்டு தடவை படிச்சேன். ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க."

"மணி அடிச்சாச்சு சார். வகுப்புலயே பார்த்துக்கறேன்."

இருபது வருட அனுபவத்தில் முதலில் தான் படிக்காத ஒன்றை அவர் வகுப்பில் படித்ததே கிடையாது. அன்றைக்குப் பார்த்து அப்படிச் செய்தார்.

வகுப்பு அடங்கியதும் மேசை முனையில் சாய்ந்து நின்று கணீரென்று ஆரம்பித்தார்.

"பருவக்காற்றை நம்பிக் கடல் கடந்து வந்த வணிகர்கள், காற்று திரும்பும் வரை துறைமுகங்களில் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சிலர் அங்கேயே குடும்பம் அமைத்தார்கள். அதனால்தான் அந்த ஊர்களில் மொழிகளும் வழிபாடுகளும் சமையலும் கலந்தன."

"பருவக்காற்று!" என்று மிஸ் தாளை உயர்த்திக் காட்ட, வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். தொடர்ந்தார்.

"அவர்கள் ஏன் வந்தார்கள் என்று புத்தகம் சொல்கிறது. காற்று திரும்பிய பிறகு, போக ஆசைப்பட்டும் போகாமல் நின்றவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு பெண்ணைத் தெரியும். அவளை இழுக்கும் காரணிகள் மூன்று. ஒன்று, கடலைப் பற்றிப் படிக்க ஒரு பள்ளி. இரண்டு, நான்கு வயதில் ஒரு தம்பி. அவனை அவள் கைப்பேசித் திரையில் மட்டும் பார்த்திருக்கிறாள். அவன் அக்கா என்று கூப்பிட்டு..."

மிஸ்ஸின் கண் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். மகள் தலையைக் குனிந்து, தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். காது மடல் இரண்டும் செக்கச் செவேல் என்றிருந்தன.

முப்பத்தாறு தாளில் இதையா எடுக்கப்போகிறார்கள், அம்மா கண்ணில் படாது என்று நம்பித்தானே அந்தப் பெண் எழுதியிருக்கிறாள்.

படிப்பதை நிறுத்தினால் முப்பத்தைந்து பிள்ளைகளும் ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் மூக்கில் வேர்த்துவிடும். நாளைக்கு மகளால் இந்த அறையில் உட்கார முடியாது. மிஸ் ஒரு முறை இருமினார். பல்லைக் கடித்துக்கொண்டு, பாடம் நடத்தும் அதே குரலில், மேலே படித்தார்.

"...அக்கா என்று கூப்பிட்டுத் திரைக்கு முத்தம் கொடுப்பான். மூன்று, அந்த ஊரில் அவள் யாருடைய மகள் என்று எவருக்கும் தெரியாது. தள்ளும் காரணிகள் எதுவும் இல்லை. அவள் வீட்டில் சண்டை கிடையாது, பசி கிடையாது. அவளுடைய அம்மா மிகவும் நல்லவர்.

"புத்தகத்தில் இல்லாத மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதைப் பிடித்துவைக்கும் காரணி என்று சொல்லலாம். அவர்கள் வீட்டில் ஒரே ஒரு குடைதான் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தானே போகிறோம் என்று அம்மா இன்னொன்று வாங்குவதில்லை. மகள் தோழி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும் நாட்களில் அம்மா சமைப்பதில்லை, பசியில்லை என்று சொல்லிவிடுவார். போகிறாயா என்று அவர் கேட்கும்போது அவருடைய முகத்தைப் பார்த்தால் இல்லை என்றுதான் வாயில் வருகிறது. அது பொய். அவளுக்குப் போக வேண்டும். அப்படி நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னையே பிடிக்காமல் போகிறது. இடப்பெயர்வுக் கணக்கில் இவள் வர மாட்டாள். எங்கும் போகாதவர்களை அதில் எழுதுவதில்லை."

முதலில் கையைத் தூக்கியது, எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வக்கீல் என்று பெயர் வாங்கிய பையன்.

"மிஸ், தள்ளுற காரணமே இல்லாதப்போ அந்தப் பொண்ணு எதுக்குப் போகணும்? நல்ல அம்மாவை விட்டுட்டா?"

"நல்ல அம்மாவா இருந்தா கூடவே இருக்கணும்னு சட்டமா?" என்றாள் அவனுக்குப் பின்னால் இருந்தவள். "அந்த அம்மா பாவம்தான். ஆனா அந்தப் பொண்ணும் பாவம்ல?"

"அவங்கதான் போறியான்னு கேட்டாங்களே!"

"எப்படிக் கேட்டாங்க? அழுதுகிட்டே போறியான்னு கேட்டா, போறேன்னு யாருடா சொல்வா? அதுக்குப் பேரு கேக்கறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சுண்ணக்கட்டியை எடுத்தார். கரும்பலகைப் பக்கம் திரும்பி, தள்ளுபவை, இழுப்பவை, பிடித்துவைப்பவை என்று மூன்று பத்திகள் போட்டார். திரும்பி நிற்பதற்கு அவருக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினார். பள்ளி. தம்பி. குடை. மூன்றாவது பத்தியில் 'அம்மா' என்று எழுதும்போது சுண்ணக்கட்டி ஒடிந்தது. ஒடிந்த துண்டாலேயே எழுதி முடித்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு என்ன மிஸ் பண்ணணும்?" வக்கீல் விடுவதாக இல்லை.

"அந்தப் பொண்ணு பண்றதுக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார் மிஸ். "பத்துக்குப் பத்து. அடுத்த பாடம் பக்கம் நூத்திப் பன்னெண்டு."

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு வேளையில் ஆசிரியர்கள் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று, அழாமல் ஒரு வாக்கியம் சொல்ல அவர் பழகினார். நான்கு முறை தோற்றார். ஐந்தாவது முறை உள்ளே யாரோ வந்துவிட்டதால் கை கழுவுவது போல நடித்தார். அதன் பிறகு நூலகத்துக்குப் போய், அங்கே இருந்த கணினியில் உட்கார்ந்து, மூன்று வாரம் எழுதாமல் வைத்திருந்த மின்னஞ்சலை மூன்று வரியில் எழுதி அனுப்பினார்.

சாயங்காலம் இருவரும் நடந்து வீடு வந்தார்கள். வழியில் மகள் இரண்டு முறை "அம்மா" என்று ஆரம்பித்தாள். "வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்றார் அவர். வீட்டுக்கு வந்து, பையை வைத்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டார். தள்ளிப்போட்டால் வராது என்று அவருக்குத் தெரியும்.

"அப்பாவுக்கு எழுதிட்டேன். நீ அங்க வந்து படிக்கிறேன்னு."

"அம்மா, அது சும்மா பரீட்சைக்காக..."

"உன்னை நான் கேக்கலடி. கேட்டா நீ பொய் சொல்லுவே. அதனால நானே முடிவு பண்ணிட்டேன்." குரல் ஆடவில்லை. கண்ணும் கலங்கவில்லை. கண்ணாடி முன்னால் ஒரு தடவைகூட இவ்வளவு நன்றாக வந்ததில்லை. "நல்ல பள்ளிக்கூடம். போய்ப் படி."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் மனதின் ஓரத்தில் ஓர் ஆசை இருந்தது. மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டு, முடியாது, நான் போக மாட்டேன் என்று ஒரே ஒரு தடவை அடம்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தார். பிடித்த பிறகு தான் வற்புறுத்தி அனுப்பிவைப்பதாகக்கூட மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தார். அந்த ஒரு தடவை கிடைத்தால் போதும், மிச்ச வருடங்களை அதை வைத்தே ஓட்டிவிடுவார்.

மகளின் முகம் மலர்ந்தது. மறைத்துக்கொள்ள அவளுக்கு நேரமில்லை. அடுத்த நொடியே உதட்டைக் கடித்து, கண் நிறைய நீரோடு வந்து கட்டிக்கொண்டு, "ஸாரிம்மா, ஸாரிம்மா" என்று தோளை நனைத்தாள். அந்த அழுகையும் உண்மைதான். ஆனால் மிஸ் முதலில் வந்ததைப் பார்த்துவிட்டார்.

"எதுக்கு ஸாரி? போ, மூஞ்சியைக் கழுவு."

"தம்பிக்கிட்ட சொல்லட்டுமாம்மா?"

"சொல்லேன்."

மகள் அறைக்குள் ஓடினாள். கதவைச் சாத்த மறந்துவிட்டாள். கைப்பேசியில் அந்தச் சின்னப் பையன் கத்துவது கூடம் வரைக்கும் கேட்டது. மகள் வாய்விட்டுச் சிரித்தாள். இப்படிச் சிரிப்பாள் என்பதே மிஸ்ஸுக்கு மறந்துபோயிருந்தது. செருப்போடு, நின்ற இடத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, எப்ப வருவே? நாளைக்கா?"

"நாளைக்கு இல்லடா. இன்னும் நாப்பத்தோரு நாள்."

மிஸ் மகளிடம் எந்தத் தேதியும் சொல்லவில்லை. மதியம் அவர் அனுப்பிய மூன்று வரியிலும் தேதி இல்லை. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் முன்னால் போய் நின்று, அந்த ஊர்ப் பள்ளி திறக்கும் நாளாகக் கணவர் எழுதியிருந்த தேதி வரைக்கும் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். சரியாக நாற்பத்தொன்றுதான் வந்தது. நேற்று எண்ணியிருந்தால் நாற்பத்திரண்டு வந்திருக்கும், அதற்கு முந்தின நாள் நாற்பத்துமூன்று. இங்கேயே இருக்கிறேன் என்று சொன்ன நாட்களிலெல்லாம் மகள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.