மெஷினும் பொன்னாத்தாளின் எருமையும்

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு மெஷின் இருக்கிறது. காய்த்தோல், பழஞ்சோறு, எலும்பு எதைப் போட்டாலும் அரைத்துத் தண்ணீரோடு சாக்கடைக்கு அனுப்பிவிடும். பெங்களூரிலிருந்து மகள் ஹாரிகா ஆள் அனுப்பி மாட்டிவைத்தாள். நாறாது, ஈ வராது, குப்பையைத் தூக்கிக்கொண்டு மூணு மாடி இறங்க வேண்டியதில்லை என்றாள். அத்தனையும் நிஜம்.

பீளமேட்டில் எங்கள் அபார்ட்மெண்டில் பதினாறு வீடு. மெஷின் எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். மகள் வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்ல முடியுமா? மாட்டிய அன்றைக்கே எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் படியிறங்கிப் போனதையும், கடைசி எறும்பு திரும்பிப் பார்த்துக் கும்பிட்டதையும் நடந்தது நடந்தபடி சொன்னேன். கீழ்வீட்டுச் சாயிரா பானு மறுநாளே ஒன்று வாங்கிவிட்டார்.

பொன்னாத்தாளைத்தான் நினைக்காமல் விட்டுவிட்டேன்.

மசக்காளிபாளையத்தில் ஒற்றை எருமை வைத்திருப்பவர். தினமும் காலையில் வீடு வீடாகக் கழனித்தண்ணியும் காய்த்தோலும் எடுக்க வருவார். என் வீடு கடைசி, எட்டு மணிக்கு. பக்கெட்டை இறக்கிவைத்து, நிலைப்படியில் உட்கார்ந்து, எருமை உதைத்தது முதல் ஊர்க்கதை வரை கால் மணி நேரம் பேசுவார். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த நாலு வருஷத்தில் என் வாசலில் உட்கார்ந்து பேசிய ஒரே ஆள் அவர்தான்.

“ஏனுங்க, மூணு நாளா உங்க பக்கெட்டு காலியா இருக்குதுங்களே. ஒடம்புக்குச் சேரலீங்களா?”

“மெசினு தின்னு போட்டுதுங்க.”

எட்டிப் பார்த்தார். “நேரத்துக்கு எத்தனை லிட்டருங்க கறக்குது?”

“இன்னும் சினை புடிக்கலீங்க.”

சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. “அப்ப நா இனி வர வேண்டியதில்லீங்களா?”

தீனி இல்லாவிட்டாலும் வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் பேசிட்டுப் போங்க என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்காக ஒருத்தரை மூணு மாடி ஏறச் சொல்ல வாய் வரவில்லை. “உங்க சவுகரியமுங்க” என்றேன்.

“உங்க சவுகரியம் எப்படீங்களோ.”

“உங்களுக்கு எப்படித் தோதோ, அப்படிங்க.”

இந்தச் சவுகரியத்தை ஆளுக்கு மூணு தடவை கைமாற்றினோம். இரண்டு பேருமே வைத்துக்கொள்ளவில்லை. தன் பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மெஷினைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்தேன். முருங்கைச் சக்கை போட்டேன், அரைத்தது. வாழைத்தண்டு நார், அரைத்தது. ஒரு முழுத் தேங்காய் மட்டை, அதையும் அரைத்தது. கடைசியில் அதன் உத்தரவாத அட்டையையே போட்டேன். ஒரு சின்ன ஏப்பம்தான் விட்டது. மில்லில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். கெடாத மெஷினை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்படியே ஒரு மாசம் போய்விட்டது. சரி, தீனிக்கு வழி செய்வோம் என்று மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் தழை ரெண்டு பக்கெட் சேர்த்துக்கொண்டு வந்தேன். மூச்சு வாங்க மேலே ஏற்றிவிட்டுப் போன் போட்டேன்.

“தழை நெறைய இருக்குதுங்க பொன்னாத்தா. எருமைக்கு ஆகும்.”

“எருமைய வித்துப்போட்டனுங்க. நீங்க சொன்ன எறும்புக் கதையக் கேட்டு உங்க பில்டிங்குல பதினாறு ஊட்டுலயும் மெசினு மாட்டிப்போட்டாங்க. பக்கத்துப் பில்டிங்குலயுந்தானுங்க. வெலைக்குத் தீனி வாங்கினாக் கட்டுபடியாகுமுங்களா? இப்பச் சோமனூர்ல மக ஊட்டோட இருக்கறனுங்க.”

“இந்தப் பக்கம் வருவீங்களா?”

“வேல இருந்தா வாரனுங்க.”

“உங்க சவுகரியமுங்க” என்றேன். அப்போதும் அதுதான் வாயில் வந்தது.

அந்தத் தழையைத்தான் மூணு நாளாக ஒவ்வொன்றாக மெஷினுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எட்டு மணிக்குச் சுவிட்சைத் தட்டி, கால் மணி நேரம் ஊர்க்கதை சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் ‘கர்ர்’ என்று ஒரே பதில். கூட ஒரு ‘ங்க’ கிடையாது.