பிரிக்காத சலைன் பாட்டில்

போன வருடம் என் மகள் கோதை காதின் மேல்மடலில் குத்திக்கொண்டு வந்தபோது, அன்றைக்கே கழற்ற வைத்தவள் நான். "படிக்கிற பொண்ணுக்கு எதுக்கு இந்தக் கூத்து?" என்று கத்தினேன்.

நாற்பத்து மூன்று வயதில், ஹிஞ்சேவாடி ஆபீஸ் தோழிகளோடு போய் அதே கூத்தை நானும் செய்துகொண்டேன். வீட்டில் முடியை இழுத்துவிட்டு மறைத்தேன். குத்தியவள் உப்புத் தண்ணீரால் மட்டும் கழுவச் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியாததா என்று, குழந்தைக்குக் காது குத்தினால் வைப்பதுபோல் மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினேன். பத்தாம் நாள் காது வீங்கிச் சீழ் வைத்தது.

தலையணை உறையில் மஞ்சள் கறையைப் பார்த்த கோதை என் அருகில் வந்தாள். என் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். தன் அலமாரியிலிருந்து, குத்திய காதைக் கழுவும் உப்புத் தண்ணீர் சலைன் பாட்டிலை எடுத்து வந்தாள். போன வருடம் அவள் வாங்கியது, இன்னும் பிரிக்கவே இல்லை. பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தாள்.

"டாக்டர்கிட்ட போலாம்மா."

"கழட்டிடட்டுமா?" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அவர் சொல்ற வரைக்கும் கழட்டாதே. கழட்டினா ஓட்டை தூந்துடும்."

குனிந்திருந்த அவள் காதில், தூர்ந்துபோன அந்தப் புள்ளி என் கண்ணுக்கு நேரே இருந்தது.