பிர் ஹம்ரா பதில் சொல்கிறது

மீன்பிடிப்போர், ஒலிவத் தோட்டக்காரர்கள், குழாயடியில் வாளியோடு நிற்போர் உள்ளிட்ட சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஸ்ஃபாக்ஸ் நகரத்துத் தென்கரை நீரேற்று நிறுவனம், மாட்சிமை பொருந்திய கண்காணிப்பு மண்டபம் ஒன்றைத் திறந்து இன்றோடு இருபத்தொன்பது நாட்களாகின்றன. அன்று முதல் நிறுவனத்தின் நாற்பத்திரண்டு நீரேற்று நிலையங்களில் ஒன்றுகூட, ஒரு நொடிகூட, செத்ததில்லை.

மண்டபம் என்பது பழைய கோப்புகளைப் போட்டு வைத்திருந்த அறை. சுவரில் பெரிய திரை, திரையில் நாற்பத்திரண்டு பச்சைப் புள்ளிகள், எதிரே ஒரு நாற்காலியில் தலெந்தா. நிலையங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு "இருக்கிறாயா?" என்று கேட்கும் மென்பொருள், அவள் மேசைக்கடியிலிருந்த சர்வரில், ஒரு கண்டெய்னருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கண்டெய்னர் என்றால் ஜன்னல் இல்லாத வீடு மாதிரி; உள்ளே இருப்பதற்கு அந்த வீடுதான் உலகம். திறப்பு விழாவன்று இயக்குநர் சீ துஹாமி ('சீ' என்றால் அந்த ஊரில் 'திரு'; பெண்களுக்கு 'லெல்லா') அதைப் படமெடுத்து வரச் சொல்ல, புகைப்படக்காரர் துறைமுகம் வரை போய்த் தேடிவிட்டு வந்தார்.

தலெந்தா ஆறு வருடமாக ஆண்டு ஒப்பந்தத்தில் காலம் தள்ளுகிறவள். முப்பது நாள் பச்சை குறையாமல் இருந்தால், கண்காணிப்பு பிசகின்றி நடக்கிறது என்ற தாளில் அவள் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து விழுந்தால் வேலை நிரந்தரம். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் பார்க்கவில்லை. பச்சையை யார் முறைத்துப் பார்க்கிறார்கள்?

ஜூலை மாதம், ஒற்றை வேளை அலுவலகம். இரண்டு மணிக்கு மொத்த நிறுவனமும் கடற்கரைக்குப் போய்விடும். ஒன்றரைக்கு ஓட்டுநர் லஸ்ஹர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"மகளே, இதுக்கு ஒரு ரசீது போட்டுக் குடு. வீட்ல தர்பூசணி வெட்டி வச்சிருக்காங்க."

"என்ன சீ லஸ்ஹர் இது, அடுப்புல மறந்த ரொட்டி மாதிரி?"

"பிர் ஹம்ரா நிலையத்து ரூட்டர். டிரான்ஸ்பார்மர் வெடிச்சு மூணு வாரமாச்சு. எடுத்துட்டு வர இன்னிக்குத்தான் வண்டிக்கு டீசல் குடுத்தாங்க. ஊருக்காரங்க கழுதையில தண்ணி ஏத்திட்டுப் போறாங்க."

தலெந்தா சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பிர் ஹம்ரா: பச்சை. கடைசியாகப் பதில் சொன்னது ஒரு நொடிக்கு முன்.

லஸ்ஹர் பையைப் பிரித்து, கருகியதைத் திருப்பிப் பார்த்தார். "ஏய், நீ செத்தியா இல்லையா? ஒண்ணு சொல்லு."

"இருங்க." அவள் பதில் வந்த வேகத்தை எடுத்துப் பார்த்தாள். ஒரு நொடியை இருபத்தையாயிரமாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. பக்கத்து மேசை பிரிண்டர் பதில் சொல்லவே அதைப்போல் இருபது மடங்கு நேரம் ஆகும். எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் பாலைவெளியில் இருக்கவேண்டிய பிர் ஹம்ரா, அவள் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு "இருக்கிறேன், இருக்கிறேன்" என்றது.

மற்றதையும் பார்த்தாள். நாற்பத்திரண்டும் அதே வேகம். அதே குரல்.

குனிந்து, சர்வரை வெளியுலகத்தோடு இணைக்கும் வயரைப் பிடுங்கினாள். இனி எந்த ஊரும் பதில் சொல்ல வழியே இல்லை.

பச்சை. பச்சை. பச்சை. ஒரு நொடிக்கு முன். ஒரு நொடிக்கு முன்.

"பிஸ்மில்லா," என்று லஸ்ஹர் வாசல் வரை பின்வாங்கினார். "ரசீது நாளைக்கு வாங்கிக்கிறேன்."

"போகாதீங்க சீ லஸ்ஹர். சும்மா அங்கயே நில்லுங்க."

மணி இரண்டு; படிக்கட்டில் அலுவலகத்தாரின் செருப்புச் சத்தங்கள் இறங்கி ஓய்ந்தன. தலெந்தா கண்டெய்னருக்குள் நுழைந்து முகவரிப் பட்டியலைத் திறந்தாள். நாற்பத்திரண்டு ஊர்ப் பெயர்கள். எதிரே நாற்பத்திரண்டு முறை ஒரே முகவரி. 'நானே' என்று பொருள்படும் முகவரி. இருபத்தொன்பது நாளாக அது தன்னையே கூப்பிட்டு, தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் அழித்தாள். கண்டெய்னரைக் கொன்று, புதிதாக எழுப்பினாள். எழுந்தது. நாற்பத்திரண்டு வரிகளும் அதே வரிசையில் மறுபடி உள்ளே இருந்தன.

"அல்லாவே," என்றாள்.

ஒவ்வொரு முறையும் அதைப் பிறப்பிக்கும் கோப்பில்தான் இருந்தது அந்த வினை. திறப்பு விழாவுக்கு முன் இந்த மென்பொருளை அமைத்துக் கொடுத்துவிட்டு, இப்போது தோஹாவில் இருக்கும் காஸி, ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தான்: 'தற்காலிகம். திறப்பு விழா வரை.' அதிலும் அழித்துவிட்டு, வயரைச் செருகி, மீண்டும் எழுப்பினாள். இனி அது ஊர்களின் உண்மையான முகவரிகளை வெளியே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு பத்தொன்பது சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றாக, கண் திறப்பதுபோல் திறந்தன.

சீ துஹாமியைக் கூப்பிட்டாள். போனில் அலைச் சத்தம். யாரோ மீன் திருப்பினார்கள்.

"பத்தொன்பது நிலையம் செத்துக் கிடக்கு சீ துஹாமி. எத்தனை நாளாவோ."

"யாராச்சும் புகார் பண்ணாங்களா?"

"புகார் போன் அந்தந்த நிலையத்து ரூட்டர் வழியாத்தான் போகுது."

"அப்ப புகார் இல்ல. பாரு லெல்லா தலெந்தா, நாளைக்கு முப்பதாவது நாள். தலைநகர்லேர்ந்து ஆளுங்க வராங்க. உன் நிரந்தர வேலை ஆர்டர் என் மேசையில இருக்கு. பச்சைன்னா கையெழுத்து, சிவப்புன்னா அடுத்த வருஷம் பாக்கலாம். அடுத்த வருஷம் நான் இருப்பேனோ என்னமோ."

"அங்க கழுதையில தண்ணி..."

"கழுதை வேண்டாம்னு யார் சொன்னா? மீன் ஆறுது." வைத்துவிட்டார்.

லஸ்ஹர் அவளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள். ஆறு வருடம். அழித்ததைக் காஸி விட்டுப்போன நகலிலிருந்து எடுத்து, வரி வரியாகத் திருப்பி ஒட்டினாள். சிவப்புகள் மூடிக்கொண்டன. மேசையில் கருகிக் கிடந்த பிர் ஹம்ரா, சுவரிலிருந்து ஒரு நொடிக்கு முன் பதில் சொன்னது.

"நான் எதையும் பாக்கல மகளே," என்றார் லஸ்ஹர்.

மறுநாள் விருந்தினர் கைதட்டினார்கள். தலெந்தா கையெழுத்திட்டாள். தாளை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடியில் பணியாளர் பிரிவுக்குப் போனாள். எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார்.

அந்தப் பணியிடம் மார்ச் மாதமே ஒழிக்கப்பட்டிருந்தது.