கல்லாமேசை மணி

ஏழாம் எண் மூச்சை இழுத்ததுமே ஜவுளிக்கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது, திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று.

ஓதத் தொடங்குமுன் விக்கல் மாதிரி ஒரு கணம் மூச்சை நிறுத்துவாள். கல்யாணமான நாளிலிருந்து பிரிந்த நாள்வரை விடியற்காலையில் அவர் கேட்டுக் கேட்டுச் சலித்த சத்தம் அது. இருவருமே குர்ஆனை முழுதாக மனனம் செய்தவர்கள். ஒருவர் ஓத, மற்றவர் தப்பைப் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவரிடம் அவள் பிடித்த தப்புகள் ஏராளம். அவளிடம் அவரால் பிடிக்க முடிந்தது சொற்பம். மற்ற சண்டைகளெல்லாம் மறந்துபோயின. இது மட்டும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

பெண்களுக்கான மனனப் போட்டி. போட்டியாளர்கள் திரைக்குப் பின்னால், பெயர் கிடையாது, எண் மட்டும். இந்தப் பக்கம் மூன்று நடுவர்கள். தலைமை நடுவரான பெரியவர் ஒரு வசனத்தின் தொடக்கத்தை ஓதுவார். போட்டியாளர் அங்கிருந்து தொடர வேண்டும். வாத்தியார் உச்சரிப்புக்கு மதிப்பெண் போடுவார். மனனத்தில் தப்பு வந்தால் மணி அடிப்பது ஜவுளிக்கடைக்காரர் வேலை. மணிகூட அவருடையதுதான். கடைக் கல்லாமேசையில் பையன்களைக் கூப்பிட வைத்திருக்கும் பித்தளை மணி.

"நீங்க அடிக்கிறப்பல்லாம் டீ வருதான்னு வாசலைப் பாக்குறேன்யா" என்று காலையிலிருந்து பெரியவர் இரண்டு தடவை சிரித்தாகிவிட்டது.

ஒரு மணி அடித்தால், தப்பு இருக்கிறது, பின்னால் போய் நீயே திருத்திக்கொள் என்று அர்த்தம். அதே இடத்தில் மறுபடியும் அடித்தால், மணி அடித்தவரே சரியான வசனத்தை வாய்விட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் பெரிதாகக் குறைவது அங்கேதான். இன்னொரு விதியும் உண்டு. ஓதுகிறவர் யாரென்று குரலை வைத்துத் தெரிந்துவிட்டால் நடுவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

அவர் எழவில்லை. நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். முதலிடம் பிடிப்பவருக்குப் பெண்கள் மதரஸாவில் ஆசிரியை வேலை, குடியிருக்க வீடு. இப்போது அவள் அண்ணன் வீட்டு மூலையில் தையல் மெஷினோடு கிடக்கிறாள். "உனக்குன்னு ஒரு வருமானமும் ஒரு வீடும் அமையட்டும்மா, புள்ளைய உன்கிட்ட விடச் சொல்றது எங்க பொறுப்பு" என்று ஜமாஅத்துப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். ஜவுளிக்கடைக்காரரிடமே வளரும் அந்தப் பிள்ளை இப்போது அவருடைய தங்கையோடு பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, உம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மூசா நபியின் கைத்தடி பாம்பாகிற வரலாற்றைக் கேட்டிருந்தார் பெரியவர். அந்த வரலாறு வெவ்வேறு அத்தியாயங்களில் சின்னச் சின்ன மாற்றங்களோடு வரும். அசந்தால் ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கிவிடுவார்கள். காலையிலிருந்து நாலைந்து பேர் அங்கே வழுக்கியிருந்தார்கள்.

ஏழாம் எண் வழுக்கவில்லை. தெரிந்த தெருவில் நடப்பதுபோல் போய்க்கொண்டிருந்தாள். வாத்தியார் கண்ணை மூடித் தலையாட்டினார். முடிய இன்னும் கொஞ்சமே பாக்கி.

ஜவுளிக்கடைக்காரர் மணியை அடித்தார்.

குரல் நின்றது. வாத்தியார் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார்.

காரணமே இல்லாமல் அடித்த மணி. இது போதும் என்றுதான் அவர் நினைத்தார். தன்மேல் சந்தேகம் வந்துவிட்டால் மனனம் செய்தவருக்குக் காலடியில் தரை இருக்காது. சரியாக ஓதியதைத் தானே கலைத்துவிடுவாள், பழியும் அவள்மேலேயே விழும்.

அவள் கொஞ்சம் பின்னால் போனாள். அதே வசனத்தை, அதே மாதிரி, இன்னும் நிதானமாக ஓதினாள்.

அவருக்குச் சுரீரென்றது. திரைக்கு அப்பால் இருந்துகொண்டு தன்னிடம் தப்புப் பிடிக்கிறாள்! கை தானாக எழுந்தது. இரண்டாவது மணி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது, அடுத்து வாய் திறக்க வேண்டியது அவர்.

"எடுத்துக் குடுங்க" என்றார் பெரியவர்.

எதை எடுத்துக் கொடுப்பது? சரியானதைச் சொன்னால் அது அவள் சொன்னதேதான். மாற்றிச் சொன்னால் குட்டு வெளிப்படாது. பக்கத்து அத்தியாயத்து வரி நாக்கு நுனியில்தான் நின்றது. அவளைப் பற்றி ஊர் முழுக்கப் பொய் சொன்னவர் அவர். துணி அளக்கும்போது விரலைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடிப்பவர். ஆனால் இறைவசனத்தை மாற்றிச் சொல்ல அந்த நாக்கு எழவில்லை.

சரியானதையே சொன்னார். அவள் சொன்னதையே.

திரைக்குப் பின்னால் அவள் மிச்சத்தை ஓதி முடித்தாள். பெண்கள் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது.

மதிப்பெண் கூட்டும் அறையில் வாத்தியார் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "ஏழாம் எண் சரியாத்தானே ஓதுச்சு?"

"உச்சரிப்பு உங்க வேலை. மனனம் என் வேலை."

"இல்ல, பதிவு பண்ணியிருக்காங்க. ஒரு தடவை போட்டுக் கேட்டா..."

"கேக்கலாமே. தாராளமா." ஜவுளிக்கடைக்காரர் பேனாவை மூடினார். "உங்க பையனைப் பத்திச் சொல்லணும்னு இருந்தேன். கடையில நல்லாத்தான் வேலை பாக்குறான். இன்னும் நிரந்தரம் பண்ணல, இல்ல?"

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடிச்ச மணியைத் திருப்பி வாங்க முடியுமாய்யா? பரிசு குடுக்க வந்தவர் மேடையில உக்காந்து கொட்டாவி விடுறார். கையெழுத்தைப் போடுங்க."

ஏழாம் எண்ணுக்கு இரண்டாமிடம். ஒரு போர்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள்.

படிக்கட்டில் அவள் காத்திருந்தாள், கையில் கடிகாரப் பெட்டியோடு.

"எங்க தப்பு விட்டேன்?"

"மணி அடிச்சேன்ல."

"நான் சொன்னதையேதானே எடுத்துக் குடுத்தீங்க?"

"மேல பெரியவர் இருக்கார், போய்க் கேளு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், மெஷின் சத்தத்துல புள்ள எப்படித் தூங்கும்?"

"இவ்வளவு பண்ணின உங்களுக்கு, அந்த வசனத்தை மட்டும் மாத்திச் சொல்லத் தைரியம் வரல பாருங்க."

"அல்லாவுக்குப் பயப்பட வேணாமா?" என்றார் அவர், சீரியஸாகவே.

அவள் சிரித்துவிட்டாள். மேல்படியில் அத்தையின் கையைப் பிடித்து நின்ற மகள், உம்மா சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தாள். அத்தை அவளை இழுத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் மகள் பாடம் ஒப்பிக்க வந்து உட்கார்ந்தாள். மேசைமேல் பை, பைக்கு வெளியே மணி.

"அத்தா, உம்மா ஓதின இடம் எனக்குப் பாடம்."

"அதுக்கென்ன?"

"நானும் அப்படித்தானே ஓதுறேன். அப்போ நானும் தப்பா?"

அவர் மணியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இல்ல, உம்மா சரியாத்தான் ஓதினாங்களா?"

"ஓது. பாக்கலாம்."

ஓதினாள். உம்மாவைப் போலவே மூச்சை நிறுத்தி ஆரம்பித்தாள். அந்த வசனத்தைச் சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல் கடந்தாள். கடந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள். சும்மா இருந்தால் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

மணி அடித்தார்.

மகள் திடுக்கிட்டாள். பின்னால் போனாள். அதையே ஓதினாள். மறுபடி மணி.

"எடுத்துக் குடுங்கத்தா."

"நீயே கண்டுபிடி."

வீட்டில் விதி கிடையாது. எடுத்துக் கொடுக்கச் சொல்லப் பெரியவரும் இல்லை. அவள் திரும்பத் திரும்ப ஓதினாள். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது குரல் தேய்ந்தது, கண் மணியின்மேல் போனது. கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். இல்லாத தப்பைத் தேடித் தேடி, கடைசியில் கால் இடறி, பக்கத்து அத்தியாயத்து வரிக்குள் போய் விழுந்தாள்.

ஜவுளிக்கடைக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். மணியை ஓங்கி அடித்தார். இந்தத் தடவை அது நியாயமான மணி.

"பாத்தியா?" என்றார். "உங்க உம்மாவும் இங்கதான் தப்பு விட்டா."