எழுத்து மட்டும் வந்த பக்கம்

ஞாயிறு பூசை முடிந்து காட்டூர் வீட்டுக்குத் திரும்பிய பிரான்சி செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. அறிவுமதி சார். ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அரசுத் தேர்வுகளுக்குப் பயிற்சி மையம் நடத்துகிறவர். அவருடைய வெப்சைட்டைச் செய்து கொடுத்ததும் பார்த்துக்கொள்வதும் பிரான்சிதான்.

“என்னம்மா இது, சைட் அலங்கோலமா நிக்குது? இன்னைக்கு குரூப் ஃபோர் மாதிரித் தேர்வு. பசங்க போன் மேல போன் போடுறாங்க.”

“ஒருதடவ ரீஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க சார்.”

“பண்ணியாச்சு. போனையே அணைச்சுப் போட்டும் பாத்தாச்சு.”

பிரான்சி லேப்டாப்பைத் திறந்தாள். அவர் சொன்னது சரிதான். அவள் பார்த்துப் பார்த்துச் செய்த நீல நிறம் இல்லை, பக்கவாட்டில் நழுவி வரும் வினா அட்டைகள் இல்லை, மேலே ஓடும் கடிகாரம் இல்லை. வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்து. வினாக்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு சின்ன வட்டங்கள். அடியில் ஒரு சாம்பல் நிறப் பட்டன். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அலங்கரித்த பெண் நகையெல்லாம் கழற்றிவிட்டு வந்து நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

வைஃபையில் பார்த்தாள், மொபைல் டேட்டாவில் பார்த்தாள், பழைய போனில் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே கதை. பிறகு பிரவுசரின் உள்பக்கத்தைத் திறந்ததும் பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள் சரசரவென்று இறங்கின. விஷயம் புரிந்துவிட்டது. முந்தின நாள்தான் சைட்டை வேறொரு சர்வருக்கு மாற்றியிருந்தாள். வினாக்களெல்லாம் புது இடத்துக்கு ஒழுங்காக வந்துவிட்டன. பக்கத்தை அழகுபடுத்தும் கோப்புகளை மட்டும் அது இன்னும் பழைய முகவரியில் போய்த் தேடிக்கொண்டிருந்தது. வீடு மாறியவன் ஞாபகமறதியில் பழைய வீட்டுப் பூட்டில் சாவியைத் திருப்புகிற மாதிரி.

ஒரு வரிதான் மாற்ற வேண்டும். மாற்றினாள். சேமிக்கப் போகும்போது மறுபடி போன். தெரியாத நம்பர்.

“வணக்கங்க மேடம். வெப்சைட்டப் பாத்துக்கிறவங்க நீங்கதானுங்களே?” இளம்பெண்ணின் குரல். “ஜீயபுரத்துலேருந்து மலர்க்கொடி பேசுறேன். மாதிரித் தேர்வு எழுதிட்டு இருக்கேன்.”

“தெரியும்மா, மன்னிச்சுக்குங்க. இதோ, இப்ப சரி பண்ணிடுறேன்.”

“ஐயோ, வேணாங்க. சரி பண்ணிடாதீங்க.”

பிரான்சிக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

“எனக்குக் கண்ணு தெரியாதுங்க,” என்றாள் மலர்க்கொடி, ஊர்ப்பெயரைச் சொன்ன அதே குரலில். “போன் படிச்சுக் காட்டும், நான் கேட்டுக்கேட்டுப் பதில் போடுவேன். உங்க சைட்ல மட்டும் அது முடியாது. முதல் கேள்விக்கு முன்னாடியே எங்கயோ மாட்டிக்கும். பக்கத்து வீட்டு அனுசுயாக்கா நேரம் இருந்தா படிச்சுச் சொல்லுவாங்க. இன்னைக்குத்தான் பொதுத் தமிழ் முழுசும் நானே முடிச்சேன். அடுத்து பொது அறிவு, கணக்கு இருக்குங்க.”

“என் நம்பர் எப்படிக் கிடைச்சுது?”

“பக்கத்தோட அடியில இருந்துச்சே. இத்தன நாளும் அடி வரைக்கும் போனதே இல்லிங்க.”

பிரான்சி திரும்ப அழைப்பதாகச் சொல்லி வைத்தாள். தன் லேப்டாப்பில் மட்டும் அழகான பழைய வடிவத்தை ஓடவிட்டு, அதைப் போனில் திறந்து, திரையைப் படித்துக் காட்டும் வசதியை முடுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“படம்,” என்றது போன். “படம். படம். பெயரிடப்படாத பட்டன்.”

அது மையத்தில் தொடங்கப்போகும் புது வகுப்புக்கான விளம்பரம். எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்கட்டும் என்று அவளே வைத்தது. மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு அந்த மூலையைத் தேடினாள். விரல் எங்கே போனாலும் “படம்” என்றது. நழுவும் அட்டைகளைத் தள்ளிப் பார்த்தாள், விளம்பரம் வழிவிடவில்லை. கடிகாரம் ஒவ்வொரு வினாடியையும் வாய்விட்டு எண்ணத் தொடங்கியது. அந்த வடிவத்தைப் பார்த்து அறிவுமதி சார் “பிரமாதம்மா” என்று சொன்ன நாளில் அவள் எத்தனை பூரித்துப் போனாள்!

கறிப்பையோடு உள்ளே வந்த கணவன் ஸ்டீபன்ராஜ் அவளைப் பார்த்து நின்றான். “கோயில்ல பண்ணின ஜெபம் பத்தலையா?”

“கொஞ்சம் சும்மா இருங்க,” என்றாள் கண்ணைத் திறக்காமல்.

மறுபடி சார் அழைத்தார். “ஆச்சாம்மா?”

“தப்பு எங்கன்னு பாத்துட்டேன் சார். ஆனா கொஞ்ச நேரம் இப்படியே விடலாமான்னு…” என்று தொடங்கி, மலர்க்கொடி சொன்னதைச் சொன்னாள்.

“பாவந்தாம்மா. ஆனா மத்தவங்க திட்டுறாங்களே. ஒரு பொண்ணுக்காகவா?”

“போன் பண்ணினது ஒரு பொண்ணு சார். இத்தன நாளும் முதல் பக்கத்துலயே மாட்டிக்கிட்டுப் பேசாம போனவங்க எத்தன பேரோ, நமக்கு எப்படித் தெரியும்?”

அவர் பெருமூச்சு விட்டார். “சரி, ரெண்டு பக்கமும் பழுதில்லாம ஏதாவது வழி பாரு.”

வழி இருந்தது. அந்த வெறும் பக்கத்தை அப்படியே நகலெடுத்துத் தனி முகவரியில் வைத்தாள். மலர்க்கொடிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். “திறக்குதுங்க, பொது அறிவு முதல் கேள்வி படிக்குதுங்க” என்று குரல் செய்தி வந்த பிறகுதான் அசல் பக்கத்தைச் சரிசெய்தாள். நீல நிறம் திரும்பியது. கடிகாரம் ஓடியது. சாரிடமிருந்து கைகூப்பும் படம் ஒன்று வந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் தூங்கவில்லை. விளம்பரத்தை எடுத்து அடியில் போட்டாள். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைத்தாள். கடிகாரத்தை, கேட்டால் மட்டும் நேரம் சொல்லும்படி அடக்கினாள். அதற்கடுத்த நாட்களிலும் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி மலர்க்கொடிக்கு அனுப்பினாள். அவளும் சலிக்காமல் ஓட்டிப் பார்த்து, தேறியதைத் தேறியது என்றும் தேறாததைத் தேறவில்லை என்றும் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

“பரீட்சையில எனக்குப் பதிலா எழுத ஆளு குடுத்துருவாங்கக்கா,” என்றாள் ஒருநாள். மேடம் எப்போது அக்காவானாள் என்று இருவருக்குமே நினைவில்லை. “படிக்கிறதுக்குத்தான் ஆளு கிடைக்கறதில்ல.”

அடுத்த மாதம் மலர்க்கொடி மையத்துக்கே வந்தாள். அந்த மாத மாதிரித் தேர்வில் பொதுத் தமிழில் அவள்தான் முதல். கணக்கில் ரொம்பவும் பின்தங்கியிருந்தாள். அறிவுமதி சார் தன் அறையிலேயே நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துவிட்டு வகுப்புக்குப் போனார். பிரான்சியும் லேப்டாப்போடு வந்திருந்தாள்.

“கணக்குல என்ன ஆச்சு?”

“வட்டம் போட்டுப் பங்கு பிரிச்சு ஒரு கேள்வி இருந்துச்சுல்லக்கா? போன் ‘படம்’னு சொல்லிட்டு நிறுத்திக்கிச்சு. நானும் சாமியக் கும்பிட்டு மூணாவதக் குத்திட்டேன். அந்த மாதிரியே நாலஞ்சு.”

பிரான்சி அந்த வினாவைத் திறந்தாள். ஒரு கிராமத்தில் எந்தப் பயிர் எவ்வளவு நிலத்தில் என்று காட்டும் வட்டம். “இதுக்கு நான் ஒரு விளக்கம் எழுதிடுறேன், போன் படிச்சிரும்,” என்று சொல்லிக்கொண்டே தட்டி, வாசித்தும் காட்டினாள். “ஒரு வட்டம். அதுல பாதி நெல்லு, கால்வாசி வாழ…”

மலர்க்கொடி காபி டம்ளரை மேசைமேல் தடவிப் பார்த்து வைத்தாள். “அக்கா, கேள்வி என்னன்னு படிச்சீங்களா?”

பிரான்சி குனிந்து படித்தாள். மொத்த நிலத்தில் நெல் எத்தனை பங்கு என்பதுதான் கேள்வி.

“பாதின்னு நீங்களே சொல்லிட்டா அப்புறம் கேள்வி எதுக்குக்கா?” என்று மலர்க்கொடி சிரிக்க ஆரம்பித்தாள். பிரான்சிக்கும் அடக்க முடியவில்லை. பக்கத்து வகுப்பிலிருந்து சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எழுதியதை அழித்துவிட்டு, பிரான்சி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சரி, பாதின்னு சொல்லாம இத எப்படிச் சொல்றது? நீயே சொல்லு.”