ரட்ஸ்டன் ஹவுஸின் முன்கதவு

இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் கடலைப் பார்த்து நிற்கும் ரட்ஸ்டன் ஹவுஸ் ஓட்டலின் முன்கதவு, உரிமையாளர் எனிட் ரட்ஸ்டனின் மாமனார் காலத்திலிருந்து பூட்டப்பட்டதே இல்லை. போர்க்காலத்தில்கூட இல்லை என்று அந்தக் குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள். பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி, தாழ்ப்பாள் கதவோடு கதவாக ஒட்டிப் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் அந்தப் பெருமைதான் காலை வாரியது.

இருநூறு பேரோ அதற்கு மேலோ கூடும் இடங்களில், யாராவது தாக்க வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே திட்டமிட்டு, ஊழியர்களையும் தயார்படுத்த வேண்டும் என்று புதுச் சட்டம் வருகிறது; அதற்கான ஒத்திகை இது. எனிட்டின் மகன் நைஜல், முகத்தை மழைக்கோட்டில் மறைத்துக்கொண்டு, பெரிய பையோடு தாக்க வருபவனாகப் படியேறினான். “கதவுகளை மூடுங்கள்” என்று உள்ளே ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற கதவுக்காவலர் மால்கம் கதவை அகலத் திறந்து பிடித்தார்.

“வாங்க சார். பையக் குடுங்க, கனமா இருக்கும்போல.”

விருந்தினர்களாக நடிக்க வந்த ஊர்ப் பந்துருட்டு விளையாட்டுச் சங்கத்தார் அதைவிட மோசம். தீயணைப்பு ஒத்திகை ஞாபகத்தில் நேராக வெளியே போய், கார் நிறுத்துமிடத்தில் நனைந்தபடி வரிசை கலையாமல் நின்றார்கள்.

“நடனக் கூடத்துல நூத்துத் தொண்ணூத்தொம்பது நாற்காலி போதும்மா” என்றான் நைஜல். “மிச்சத்த எடுத்துடலாம். சட்டம் நம்ம பக்கமே வராது.”

“கடல்ல மூழ்கறவங்களக் காப்பாத்தற உயிர்காப்புப் படகுக்காரங்க விருந்துக்கு ஊரே வருது. யார வரவேணாம்னு சொல்லப் போற? படகுல போறவங்களையா, அவங்க பொண்டாட்டிங்களையா?”

“அவங்க உயிரோட வீட்டுக்குப் போகணும்ல?”

எனிட்டுக்குத் தெரியும், மகன் சொன்னது சரி. ஆனால் ரட்ஸ்டன் குடும்பம் சட்டத்துக்குப் பயந்து கூடத்தைச் சுருக்கிக்கொண்டது என்று ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அவளால் இருக்க முடியாது.

“வெள்ளிக்கிழமை இன்னொரு தடவ பண்ணுவோம். அன்னிக்கும் கதவு திறந்தா, நீ சொன்னபடியே நாற்காலிய எடுத்துடு.”

மறுநாள் சுரண்டியை எடுத்துக்கொண்டு அவளே தாழ்ப்பாளின் முன் மண்டியிட்டாள். மால்கம் பதறினார்.

“குடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்.”

“நீ சும்மா நில்லு. உனக்குத் திறக்க மட்டுந்தான் தெரியும்.”

“முப்பது வருஷமா அதுக்குத்தானே மேடம் சம்பளம் குடுத்தீங்க.”

எனிட் சுரண்டிக்கொண்டே இருந்தாள். வெள்ளைக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே கருஞ்சிவப்பு. கடைசியில் பித்தளை தெரிந்தது. எண்ணெய் விட்டு, தாழ்ப்பாள் தடையில்லாமல் நகரும்வரை இழுத்துப் பார்த்தாள். பிறகு சமையலறைத் தலைவி பெரிலைக் கூப்பிட்டு, எல்லோரையும் வெளியே விடாமல் உள்ளேயே நிலவறைக்கு அழைத்துப் போகும் வழியைத் திரும்பத் திரும்ப நடக்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமையும் மழை. ஒலிபெருக்கி ஒலிக்கத் தொடங்கியபோது எனிட் தன் மேசையருகே இல்லை. குடையில்லாமல் வாசற்படியில் நின்றிருந்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அவள் கதவின் கண்ணாடியைத் தட்டினாள்.

“மால்கம், கதவத் திற.”

உள்ளே மால்கமின் முகம் வெளுத்தது. “முடியாது மேடம்.”

“இது என் கதவு.”

“ஆமா மேடம்.”

“நான் நனையறேன்.”

“தெரியுது மேடம்.”

“வேலைய விட்டுத் தூக்கிடுவேன்.”

அவர் கை தாழ்ப்பாளுக்குப் போனது. அங்கேயே நின்றது. “நாளைக்குத் தூக்குங்க மேடம். இப்ப கண்ணாடிகிட்ட நிக்காதீங்க. வலப்பக்கமா சுவருக்குப் பின்னாடி போயிடுங்க.”

மழைக்கோட்டும் பையுமாக நைஜல் படியேறி வந்தான். கதவைத் தள்ளினான். தோளைக் கொடுத்தும் தள்ளினான். அது அசையவில்லை. இந்தமுறை கார் நிறுத்துமிடத்தில் ஓர் ஆள்கூட இல்லை. அப்போதுதான் பக்கத்தில் சொட்டச் சொட்ட நின்ற தாயைப் பார்த்தான்.

“நீங்க வெளிய என்ன பண்றீங்கம்மா?”

“மால்கம் எனக்குத் திறக்கலன்னா வேற எவனுக்கும் திறக்க மாட்டான்.”

நைஜல் கண்ணாடி வழியாக மால்கமைப் பார்த்தான். “பாவம், அழுதுடுவார்போல இருக்கு.”

“அழட்டும். அந்த நாற்காலிய எல்லாம் அங்கேயே இருக்கச் சொல்லு.”

அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு வலப்பக்கச் சுவரின் பின்னால் போய் நின்றாள். ஒத்திகை முடிந்தது என்று உள்ளே அறிவிக்கும்வரை, பிறகு ஒருமுறைகூடக் கதவைத் தட்டவில்லை.